காணியில்லாத வீடு

‘ஸ்டாட்டிக் கரவன்’ என்ற சொற்சேர்க்கையிலுள்ள முரண் ஆங்கிலேயர் எவரையும் உறுத்துவதாகத் தெரியவில்லை. கரவன் என்றால் வண்டி. ஸ்டாட்டிக் என்றால் அசையாதது. அசையாத வண்டி. தமிழகத்து வாசகர்களுக்குக் கரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வாகனம் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது வேறு. முப்பத்தைந்து அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. ஹல் நகரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு, லொறியில் ஏற்றி, கம்பிரியாவில் கெஸ்விக்கிலிருந்து சில மைல் தள்ளி ஒரு மலைச்சரிவில் சீமெந்துத் தளத்தின் மேல் இறக்கி வைக்கப்பட்டது. 2011-ல் அதை வாங்கினோம். அன்று முதல் இன்றுவரை அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. காற்றில் புரண்டுவிடாதிருக்கச் சங்கிலியால் தரையோடு பிணைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது நகரக்கூடியது என்று சட்டம் சொல்கிறது. 1960-ம் ஆண்டின் கரவன் சட்டத்தின்படி, மனிதர் வசிப்பதற்கென அமைந்ததும், இழுத்தோ வாகனத்தில் ஏற்றியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லக் கூடியதுமான கட்டமைப்பு எதுவோ அது கரவன். தண்டவாளத்தில் நிற்கும் ரயில் பெட்டியும் கூடாரமும் இதில் சேரா. 1968-ம் ஆண்டுச் சட்டம், இரண்டு துண்டுகளாகக் கொண்டுவந்து ஒட்டப்படுவதும் கரவன்தான் என்று சேர்த்து, அதற்கு அளவு எல்லையும் வைத்தது. இங்கிலாந்தில் அந்த எல்லை 2006-ல் நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர் என்று திருத்தப்பட்டது. நகர்வது முக்கியமல்ல, நகரும் என்று கொள்ளத்தக்கதாக இருப்பதே முக்கியம். ஆகவே எங்கள் கரவனுக்குச் சக்கரம் உண்டு. ரயர்கள் காற்றிறங்கி, பாசி பிடித்து, கீழே கிடக்கின்றன. சட்டத்துக்கு நகரும் தன்மை வேண்டும். வாங்கியவனுக்கோ சக்கரம் கண்ணில் படக்கூடாது; அதை மறைக்கச் சுற்றிவரப் பலகை அடித்து, முன்னால் படி வைத்து, படியருகில் பூச்சட்டியும் வைத்துக் கொள்கிறான். ஒரு வீடு தன்னை வண்டி என்று அரசாங்கத்திடம் சொல்லிக்கொண்டு, வண்டி தன்னை வீடு என்று விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை இது.

இந்தப் பாசாங்கினால் எல்லோருக்கும் சௌகரியம் இருக்கிறது. வீடென்றால் கட்டட அனுமதி, உள்ளூர் வரி, குடியிருப்பவனின் உரிமை என்று பல கேள்விகள் எழும். 1983-ம் ஆண்டின் நகரும் வீடுகள் சட்டம் கரவனில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. விடுமுறைக் கரவன்காரன் அந்தக் குடையின் கீழ் வரமாட்டான். அவனிடம் இருப்பது நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும். பெட்டி அவனுடையது, தரை நிறுவனத்தினுடையது. தரைக்கு ஆண்டு வாடகை. எங்கள் ஒப்பந்தத்தின் ஆயுள் 15 ஆண்டு. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வளாகம் மூடப்படும். அந்த நாட்களில் அங்கே உறங்கக் கூடாது. எங்களுக்கு வேறொரு வீடு உண்டு என்பதற்கு ஒவ்வொரு வருஷமும் மன்செஸ்டர் வீட்டின் வரிச் சீட்டைக் காட்ட வேண்டும். இன்னொரு வீடு உள்ளவனுக்கு மட்டுமே இந்த வீடு. வீடில்லாதவன் இதை வாங்கி இதில் வசிக்க முடியாது.

வாங்கிய செய்தியை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அப்போது அவர் மானிப்பாயில் தங்கையோடு இருந்தார்.

“எத்தினை பரப்புக் காணி தம்பி?” என்று கேட்டார்.

“காணி இல்லையம்மா. வீடு மட்டும்.”

சிறிது நேரம் பேச்சில்லை.

“காணியில்லாத வீடோ? அப்ப கிணறு?”

கிணறு இல்லை, குழாய்த் தண்ணீர் என்றேன். “சரி, வாங்கினது வாங்கிப்போட்டியள்” என்று வேறு கதைக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியின் நியாயத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. எங்கள் ஊர்ப் பேச்சில் காணிதான் முதல். வீடு என்பது காணியின் மேல் நிற்கும் ஒன்று. உறுதி எழுதும்போதும் காணியின் பரப்பை எழுதி, நான்கு எல்லையையும் எழுதி, அதற்குப் பிறகுதான் வீடும் கிணறும் பயன்தரு மரங்களும் என்று சேர்ப்பார்கள். நான் வாங்கியதற்கு எல்லைகள் கிடையா. கிழக்கே யார், மேற்கே யார் என்று எழுத அதில் ஒன்றுமில்லை.

*

அப்படியானால் நான் வாங்கியது எதை? நிறுவனத்தின் விலைப்பட்டியல் இதற்குத் தெளிவான பதில் வைத்திருந்தது. முதல் வரிசைக்கு ஒரு வாடகை, மூன்றாம் வரிசைக்கு இன்னொன்று. தளம் ஒன்றே, தண்ணீரும் மின்சாரமும் ஒன்றே. முதல் வரிசையின் கண்ணாடிக்கு எதிரே ஸ்கிடோ மலை 931 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மூன்றாம் வரிசையின் கண்ணாடிக்கு எதிரே இரண்டாம் வரிசையின் முதுகு நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். விற்கப்படுவது காட்சி. மலையை எவரும் விற்கவில்லை, மலையைப் பார்க்கும் கோணத்தை விற்கிறார்கள்.

இது இன்றைய வியாபாரிகளின் கண்டுபிடிப்பல்ல. ஏரிப் பிரதேசத்தைப் பார்ப்பதற்கென்று வந்த முதல் தலைமுறையினரே கோணம் தேடி வந்தவர்கள்தாம். 1778-ல் தோமஸ் வெஸ்ட் எழுதிய வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ‘நிலையங்கள்’ குறித்துக் கொடுத்தது. அந்தப் பயணிகள் கையில் க்ளோட் கண்ணாடி என்ற ஒன்று இருந்தது. க்ளோட் லொரேன் என்ற ஓவியரின் பெயரால் வழங்கிய, லேசாகக் குவிந்து மங்கல் நிறம் பூசிய சிறு கண்ணாடி. மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருக்கும் கண்ணாடிக்குள் மலையைப் பார்க்க வேண்டும். அப்போது அது ஓவியம்போல் சட்டகத்துக்குள் அடங்கும். கவிஞர் தோமஸ் கிரே 1769-ல் கெஸ்விக் பக்கம் வந்தபோது அந்தக் கண்ணாடியைக் கையில் திறந்து வைத்தபடியே சேற்று வழியில் மல்லாந்து விழுந்ததைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். விரல் மொழியில் மட்டுந்தான் அடி. எங்கள் கரவனின் முன்கண்ணாடிக்குப் பின்னால் தேநீரோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் கிரேயின் நினைவு வருவதுண்டு. ஒரு வித்தியாசம்: அவர் முதுகைக் காட்டி நின்றார், நாங்கள் முகத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் கண்ணாடி இருப்பது பொது.

வேர்ட்ஸ்வொர்த் இந்தக் கண்ணாடிக்காரர்களில் ஒருவரல்ல. அவர் அங்கே பிறந்தவர், நடந்தவர். அவர் எழுதிய ஏரிப் பிரதேச வழிகாட்டி 1810-ல் இன்னொருவருடைய படங்களுக்கு முன்னுரையாக, பெயரில்லாமல் வெளிவந்தது. மலைச்சரிவில் வெள்ளையடித்த வீடுகள் கண்ணை உறுத்துகின்றன, வீடு மண்ணின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று அதில் வாதிட்டார். இன்று எங்கள் வளாகத்தில் கரவன் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோதான் இருக்கலாம், வெள்ளை கூடாது. இது தேசியப் பூங்காத் திட்ட அதிகாரிகளின் நிபந்தனை என்று நிறுவனம் சொல்கிறது. ஒரு கவிஞனின் ரசனை இருநூறு ஆண்டுகளில் பெயின்ற் வாளியின் நிறமாக மாறியிருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கவிதைக்கு இவ்வளவு ஸ்தூலமான பலன் கிடைப்பது அபூர்வம்.

அதே வேர்ட்ஸ்வொர்த், அந்தப் பிரதேசம் காணக் கண்ணும் துய்க்க மனமும் உள்ள எல்லோருக்கும் உரிய ஒருவகைப் பொதுச்சொத்து என்ற கருத்தையும் சொன்னவர். ஆனால் 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் போடும் திட்டம் வந்தபோது பத்திரிகைக்குக் கவிதையும் கடிதங்களும் எழுதி எதிர்த்தார். தொழிற்சாலை மக்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை. இத்தகைய காட்சியை ரசிக்கும் பயிற்சி மெல்ல மெல்லத்தான் வரும் என்பது அவர் வாதம். 1847-ல் ரயில் வந்தது. அவருடைய பொதுச்சொத்தில் பொது என்பது யார் என்ற கேள்வி அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது. மன்செஸ்டர்த் தொழிலாளியைக் கண்டே பயந்தவர், மன்செஸ்டரில் வசிக்கும் வலிகாமத்தானை எண்ணியும் பார்த்திருக்க மாட்டார். எங்கள் வளாகத்தில் எங்களையும் ஒரு குஜராத்திக் குடும்பத்தையும் தவிர மற்றவர்கள் எல்லோரும் வெள்ளையர். எவரும் முகம் சுளித்ததில்லை. ‘எங்கிருந்து வருகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். மன்செஸ்டர் என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

அவரது வாதத்தில் முழுப் பொய் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வருஷமும் எனக்கு அங்கே தெரிந்தது மழை மட்டுமே. பக்கத்திலுள்ள பொரோடேல் பள்ளத்தாக்கில் ஸீத்வெய்ற் என்ற சிற்றூர் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது. 2015 டிசம்பர்ப் புயலின்போது அதற்கு மேலேயுள்ள ஹொனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்து பிரித்தானியாவின் சாதனையாகப் பதிவானது. அந்த மழையில் கரவனின் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பதும், கிடுகுக் கூரைக்குக் கீழே மாரிமழை கேட்டதும் ஒன்றல்ல. ஆனாலும் மழையை ஒலியாகக் கேட்கும் காது எனக்கு அந்தக் கூரையின் கீழ்தான் திரும்ப வந்தது. மெல்ல மெல்ல என்று அவர் சொன்னது சரி. ஆனால் அந்த மெல்ல மெல்ல நடப்பதற்கு ஒருவன் முதலில் அங்கே வந்து சேர வேண்டும். அதற்கு ரயில் வேண்டும், கரவனும் வேண்டும்.

*

தேர்ல்மியர் ஏரியைக் கண்டபோதுதான் வேறொரு விஷயம் பிடிபட்டது. அதன் நீர்மட்டத்தை அணை கட்டி உயர்த்தி, 96 மைல் தூரம் புவியீர்ப்பிலேயே ஓடும் வாய்க்கால் வழியாக 1894-ல் மன்செஸ்டர் நகரசபை தன் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அதைத் தடுக்கச் சங்கம் அமைத்துப் போராடியவர்கள் தோற்றார்கள். நான் ஏரியைக் காணுமுன்பே பல வருஷம் அந்தப் பக்கத்து மழையைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். காட்சி என்பது பிறகு வந்த உறவு. அதற்கு முன்னமே நீர் என்ற உறவு இருந்தது. நம் பழைய திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதல், அங்கே விளைவதும் வாழ்வதும் கரு, மனிதர் ஒழுகுவது உரி. அதில் பார்வையாளனுக்கென்று தனியாக நிலையம் குறித்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மலை அழகாயிருக்கிறது என்பதற்காக யாரும் அங்கே நிற்பதில்லை. தினைப்புனம் காக்க, காத்திருக்க, பிரிய நிற்கிறார்கள். ‘இயற்கைக் காட்சி’ என்ற தொடர் அந்த மலைக்குப் பொருந்தாது.

ஏரிப் பிரதேசத்திலும் அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள். கரவன் வளாகத்துக்கு மேலே மதில் முடிந்த பிறகு வேலியற்ற மலை. அதில் ஹேர்ட்விக் செம்மறிகள். கறுப்பாகப் பிறந்து வயதோடு நரைப்பவை. வேலி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மந்தையும் மலையின் தன் பாகத்தை விட்டு அப்பால் போகாது. எது தன் மலை என்பதைத் தாய் ஆடு குட்டிக்குப் பழக்குகிறது, குட்டி தாயாகித் தன் குட்டிக்குப் பழக்குகிறது. அங்குள்ளவர்கள் இதை ‘ஹெஃப்ட்’ என்கிறார்கள். 2001-ல் கால்வாய் நோய் வந்து நாடு முழுவதும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. கம்பிரியாவுக்கு விழுந்த அடிதான் பெரிய அடி. அப்போது இடையர்கள் அஞ்சியது ஆடு போய்விடும் என்று மட்டுமல்ல. ஆட்டை விலைக்கு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது. புது மந்தையை மலையில் விட்டால், அது தன் எல்லையைப் பழகும்வரை மனிதன் வருஷக்கணக்காகக் கூடவே நின்று மறிக்க வேண்டும்.

இதை முதலில் எனக்குச் சொன்னவன் எரிவாயுச் சிலிண்டர் கொண்டுவரும் பையன். இடையர் குடும்பத்தில் பிறந்தவன். 47 கிலோ சிவப்புச் சிலிண்டரைத் தோளால் உருட்டி மாட்டுவான். அவனுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வேர்க்கிங்ரனிலிருந்து வேலைக்கு வருகிறான். வீடுகளெல்லாம் விடுமுறை வீடுகளாகிவிட்டன. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகள் இரண்டாவது வீட்டுக்கு இரட்டிப்பு வரி விதிக்கச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அது இல்லை, எங்களுடையது வண்டி. கரவன்காரன் உள்ளூரான் ஒருவனுடைய கூரையைப் பறிக்கவில்லை என்று சொல்லிக் கொள்ளலாம், அது உண்மையுங்கூட. மலை தெரிந்தவன் மலைக்கு வெளியே, மலைக்கு வாடகை கட்டுபவன் உள்ளே என்ற நிலையை அந்த உண்மை மாற்றுவதில்லை.

*

எனக்கும் காணி உண்டு. வலிகாமம் வடக்கில் ஆறு பரப்பு. உறுதி என்னிடம் இருக்கிறது. 1990-ல் அந்தப் பகுதியிலிருந்து சனங்கள் வெளியேறினார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். என் பெயரில் உறுதி இருந்தும், இருபத்தெட்டு வருஷம் அந்தக் காணியில் கால் வைக்க எவருக்கும் அனுமதி இல்லை. கம்பிரியாவில் வீடு என்னுடையது, நிலம் என்னுடையதல்ல. அங்கே நிலம் என்னுடையது, வீடு இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வீடாகும் என்று மனைவி ஒருநாள் பகிடியாகச் சொன்னாள். அம்மா 2014-ல் போய்விட்டார். எங்கள் துண்டு 2018-ல் விடுவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தோம். வீடிருந்த இடம் தெரியவில்லை. அத்திவாரக் கல்லும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது, கட்டு இடிந்து, பாதி தூர்ந்து. கிணற்றை வைத்துத்தான் அடுப்படி எங்கே, முற்றம் எங்கே என்று நான் கணக்குப் பார்த்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு நான் காட்டியது ஒன்றும் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. நன்றாகப் படம் எடுத்தாள். சட்டகத்துக்குள் கிணறும் பனைகளும் அழகாகவே விழுந்திருந்தன.

கம்பிரியாவில் அப்படியல்ல. எந்த மதிலில் எந்தக் கல் ஆடும், ஓடையை எங்கே தாண்டலாம், மேகம் எந்தப் பக்கம் இறங்கினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து நடந்த சரிவு. அவளுக்கு மலை பழகிவிட்டது. அவளுக்குப் பழக்கியது நான்தானா, மலைதானா, தெரியவில்லை. நான் பழக்க வேண்டியிருந்த நிலம் வேறொன்று. அது இருபத்தெட்டு வருஷம் முள்ளுக்கம்பிக்கு அப்பால் இருந்தது.

ஒப்பந்தம் 2026 பருவத்தோடு முடிகிறது. பழைய கரவனை அகற்றிவிட்டு நிறுவனத்திடம் புதியதொன்றை வாங்கினால் இன்னொரு 15 ஆண்டு தருவார்களாம். இது அவர்களது ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருந்ததுதான், ஏமாற்று ஒன்றும் இல்லை. பதினைந்து வயதுக் கரவனுக்குச் சந்தையில் கிட்டத்தட்ட விலையே கிடையாது. புதிய கரவனுக்கு ஆகும் பணத்தில் ஊர்க் காணியில் இரண்டு அறை போட்ட வீடு கட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஊரில் இப்போது பலர் அப்படிக் கட்டிப் பூட்டிவிட்டு வருகிறார்கள். வருஷத்தில் மூன்று கிழமை போய்த் திறந்து, தூசி தட்டி, கோயில் திருவிழா பார்த்து, மறுபடி பூட்டுகிறார்கள். அதையும் விடுமுறை வீடு என்பதன்றி வேறென்ன சொல்வது? முதல் வரிசையில் கட்டிய வீடு, கண்ணாடிக்கு எதிரே சொந்த ஊர். எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

“இஞ்சருங்கோ, அப்ப ஒண்டும் வேண்டாம் எண்டுறியளோ?” என்று மனைவி கேட்டாள்.

வேண்டாம் என்பதல்ல. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அங்கேயே இருக்கிறான். முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாக இருந்து திரும்பியவன். என் காணிக்குப் பக்கத்துத் துண்டில் வெங்காயம் செய்கிறான். தண்ணீருக்குத் தூரத்துக் கிணற்றை நம்பியிருக்கிறான். கிணற்றை இறைத்து, தூர் வாரி, கட்டுக் கட்டி, ஒரு நீரிறைக்கும் யந்திரம் வைத்துக் கொடுத்தால் ஆறு பரப்பையும் அவனே செய்வான். உறுதி யார் பெயரில் இருந்தால் என்ன, மண் தெரிந்தவன் அதில் நிற்பான். அவனுடைய பிள்ளைகளுக்கு எல்லை பழகும். பணம் அதற்குப் போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். மகளுக்கு வருத்தம். கெஸ்விக்குக்குப் பஸ் போகிறது, தங்க அறை கிடைக்கும், மலைக்குப் போக எவரும் வரிசைக்கு வாடகை கேட்பதில்லை என்று சொன்னேன். அது வேறு, இது வேறு என்றாள். அவள் சொல்வது சரிதான். எனக்கு அதற்குப் பதில் இல்லை.

நவம்பரில் வழக்கம்போலக் குழாய்களிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, உறைபனி வெடிக்கச் செய்யாதபடி அடைப்புகளில் மருந்து ஊற்றிவிட்டு வருவோம். அதற்குப் பிறகு ஒருநாள் நிறுவனத்தின் ஆட்கள் பலகைகளைக் கழற்றி, சங்கிலியை அறுத்து, பாசி பிடித்த ரயர்களுக்குக் காற்றடித்து, லொறியில் ஏற்றுவார்கள். நகரக்கூடியது என்று சட்டம் பதினைந்து வருஷமாகச் சொல்லி வந்தது அன்றைக்கு உண்மையாகும். சீமெந்துத் தளம் சில நாள் வெறுமனே கிடக்கும். அந்த இடைவெளியில் இரண்டாம் வரிசைக்காரருக்கு ஸ்கிடோ தெரியும்.